ஃப்ரீசரில் இருந்த கடல்

மழை என்றால் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பஜ்ஜி ஞாபகம் வரும். எனக்கு ஃப்ரீசர் ஞாபகம் வரும். தாம்பரத்தில் நாலு தூறல் விழுந்தாலே போதும், நாவலூர் பக்கம் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் கரண்ட் இருக்கிறதா என்று கேட்டு யாருக்காவது போன் போட்டுவிடுவேன். கேஸை மூடினேனா என்று பாதிப் படி இறங்கியவள் திரும்ப ஏறிப் போய்ப் பார்க்கிற ரகம் நான். "இவ பொறக்கும்போதே கவலைப்பட்டுக்கிட்டேதான் பொறந்தா" என்று அம்மா ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய்யில்லை. ஆனால் அந்த ஃப்ரீசரைப் பற்றிய பயத்துக்கு மட்டும் நியாயமான காரணம் இருந்தது. ஒரு கோடைக்காலத்துக் கடல் அதற்குள் இருந்தது.

நான் கடல்நீரில் வாழும் நுண்ணுயிர்களை ஆராய்கிறவள். ஒரு ஸ்பூன் கடல்நீரை எடுத்தால் அதில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் லட்சக்கணக்கில் இருக்கும். அவை யார் என்பதல்ல என் கேள்வி. அன்றைக்கு அவை என்ன செய்துகொண்டிருந்தன என்பதுதான். அதற்கு அவற்றின் புரதங்களைப் பார்க்க வேண்டும். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என் வேலையைப் பற்றிக் கேட்டால் சமையலறையை வைத்துத்தான் விளக்குவேன். ஒரு வீட்டின் சமையல் புத்தகத்தைப் புரட்டினால் அவர்களால் என்னென்ன செய்ய முடியும் என்று தெரியும், மரபணு அப்படி. இன்றைக்கு அடுப்பில் கஞ்சி கொதிக்கிறதா பிரியாணி வேகிறதா என்று எட்டிப் பார்த்தால்தான் வீட்டு நிலவரம் தெரியும், புரதம் அப்படி. கடலில் இரும்புச்சத்து குறைந்தால் நுண்ணுயிர்கள் அதற்கென்று ஒருவகைப் புரதத்தைச் செய்யும். தண்ணீர் சூடானால் வேறொரு வகை. மற்ற புரதங்கள் சூட்டில் உருக்குலைந்து போகாமல் தாங்கிப் பிடிக்கிற புரதங்கள் அவை. நாங்கள் பேச்சுவாக்கில் சூட்டுப் புரதம் என்போம். இவ்வளவு விளக்கிய பிறகும் பெரியம்மா, "அப்போ டாக்டர் இல்லையா நீ?" என்றுதான் கேட்பாள்.

அந்த வருஷக் கோடையில் வங்காள விரிகுடா வழக்கத்துக்கு மீறிச் சூடாகியிருந்தது. செயற்கைக்கோள் படத்தில் நம் கரையோரம் முழுக்கச் சிவப்பு. எங்கள் ஆய்வுக்கூடத்தின் தலைவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். படத்தைப் பார்த்த அன்றே படகுக்குச் சொல்லச் சொன்னார். ஈ.சி.ஆர். சாலை ஓரத்து மீனவர் குப்பம் ஒன்றில் ஃபைபர் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர்தான் எப்போதும் எங்களைக் கூட்டிப் போவார்.

"இன்னாக்கா, ஊர்ல கீறவன்லாம் மீன் பிடிக்கக் கடலுக்கு வர்றான். நீங்க தண்ணி பிடிக்க வர்றீங்க" என்று ஒவ்வொரு தடவையும் கிண்டல் செய்வார்.

"தண்ணி சூடா இருக்குண்ணா, அதான்."

"சூடாவா? கையை வெச்சுப் பாருங்க. மீனெல்லாம் ஆழத்துக்குப் பூட்ச்சு" என்று சொல்லிக்கொண்டே என்ஜினைக் கிளப்பினார்.

நான் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். இடையில் பம்பு வைத்துத் தண்ணீரை இழுத்து, மெல்லிய வடிதாளில் வடிகட்டினோம். எவ்வளவோ தண்ணீர் இறங்கிய பிறகு தாளில் பச்சையும் பழுப்பும் கலந்து லேசாக ஒரு கறை படியும். அவ்வளவுதான் எங்கள் மீன்பாடு. அதை மடித்துச் சின்னக் குழாய்க்குள் போட்டு, கொண்டு போயிருக்கும் பெட்டியில் அந்த நிமிஷமே உறைய வைக்க வேண்டும். பிள்ளைகள் விளையாட்டில் "ஸ்டாச்சு" என்றதும் நின்ற இடத்தில் நிற்பார்களே, அது மாதிரி அந்த உயிர்களும் உறைந்த நொடியில் எந்தப் புரதத்தைச் செய்துகொண்டிருந்தனவோ அதோடு நின்றுவிடும். குளிர் குறைந்தால் ஆட்டம் கலைந்துவிடும். அதனால்தான் மைனஸ் எண்பது டிகிரியில் ஃப்ரீசர்.

புரதங்களை எடை பார்த்து அடையாளம் சொல்லும் மெஷின் எங்களிடம் கிடையாது. இன்னொரு நிறுவனத்தில் வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் முறை தை மாதத்தில்தான் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் திட்டமோ அடுத்த கோடையோடு முடிகிறது. சாரும் அப்போது ஓய்வு பெறுகிறார். அதற்குப் பிறகு எனக்கு அங்கே நாற்காலி இல்லை. கடல் சூடாவதை எல்லோரும் சொல்கிறார்கள், அந்தச் சூடு கடலின் அடிமட்ட உயிர்களை என்ன செய்கிறது என்று நம் கரையிலிருந்து ஒரு வார்த்தை சொல்ல அந்த வடிதாள்களை விட்டால் எங்களுக்கு வேறு நாதியில்லை. அந்தக் கடல் ஓடிப் போய்விட்டது. திரும்பப் போய் மொண்டு வர முடியாது.

புரட்டாசிக் கடைசியில் ஆயுத பூஜை வந்தது. சார் ஞாயிறு தவறாமல் தாம்பரத்தில் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் ஆயுத பூஜையன்று மெஷின்களுக்குப் பொட்டு வைக்காமல் விட்டால் அவருக்கே மனசு கேட்காது. "சாமி உங்களுது, மெஷின் நம்மளுது" என்பார். எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் துடைத்தோம். தராசு, நுண்ணோக்கி, சுழலி, ஸ்டேப்ளர் வரைக்கும் சந்தனம், குங்குமம். வாசலில் வாழைக்கன்று. அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக்கூடாது, எல்லாவற்றுக்கும் லீவு. ஃப்ரீசருக்கு மட்டும் லீவு விட முடியாது. அதனால் பிளக்கைப் பிடுங்கி, முன்னால் இழுத்து, பின்பக்கத் தூசியைச் சட்டென்று பெருக்கி, திரும்பத் தள்ளிப் பொட்டு வைத்தோம். ஐந்தாறு பேர் சேர்ந்து செய்த வேலை. சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. நான் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

பிறகு தெரிந்த விஷயம் இது. ஃப்ரீசருக்குப் பின்னால் சுவரில் இரண்டு பிளக் பாயிண்ட். சிவப்பு, ஜெனரேட்டர் லைன். கரண்ட் போனாலும் ஓடும். வெள்ளை, சாதா லைன். சரஸ்வதி படத்துக்குச் சீரியல் பல்பு போட்டிருந்தோம். பூஜை நடக்கும்போது கரண்ட் போய்ப் படத்தில் விளக்கு அணைந்தால் நன்றாகவா இருக்கும் என்று யாரோ ஒருவர் சீரியல் செட்டைச் சிவப்பில் செருகியிருக்கிறார். ஃப்ரீசர் வெள்ளைக்குப் போயிருக்கிறது. மறுநாள் படத்தையும் பல்பையும் எடுத்தவர் சிவப்பை அப்படியே காலியாக விட்டுவிட்டார். ஃப்ரீசர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. கல்லூரிகளுக்கு லீவு விட்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். சாயங்காலம் ஆய்வுக்கூடத்து வாட்ச்மேனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, கரண்ட் இருக்கா?"

"மத்தியானமே பூட்ச்சும்மா. ஜெனரேட்டர் ஓடிகினு கீது. நீ பயப்படாத."

ஜெனரேட்டர் ஓடுகிறது என்ற வார்த்தையே எனக்குப் போதுமாக இருந்தது. அன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டேன்.

காலையில் மழை விட்டிருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றேன். வீட்டுக்காரருக்கு வீட்டிலிருந்தே வேலை. லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினார்.

"வாட்ச்மேன்தான் ஓடுதுன்னு சொல்லிட்டாரே? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

"பேய் இல்லைன்னு பாத்துட்டு வந்துடறேங்க."

பெருமூச்சு விட்டார். சாவியை எடுத்துக்கொண்டு அவரே ஸ்கூட்டரைக் கிளப்பினார். மேடவாக்கம் வரைக்கும் ஒரு வழியாக வந்தோம். கூட்ரோடில் தண்ணீர் சைலன்சரைத் தொட்டது. அந்த வெள்ளத்தைக் கிழித்துக்கொண்டு எதிரே ஒரு தண்ணீர் லாரி வந்தது. எந்த அடுக்குமாடிக்கோ குடிக்கத் தண்ணீர் கொண்டு போகிறான். இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழி முழுக்கப் பிள்ளையாரை நச்சரித்துக்கொண்டே வந்தேன்.

நாங்கள் போனபோது ஜெனரேட்டரை நிறுத்தியிருந்தார்கள். விடியும்போது கரண்ட் வந்துவிட்டதாம். ஆய்வுக்கூடத்தில் எல்லாம் வழக்கம் போல இருந்தது. மீன்தொட்டியில் குமிழி வந்துகொண்டிருந்தது. ஃப்ரீசரும் ஓடியது, ஆனால் படியேறி வந்தவர் மூச்சு வாங்குகிற மாதிரி ஒரு சத்தம். முகப்பில் மைனஸ் நாற்பது சொச்சம் காட்டியது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது இறங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்து இறங்கி வருகிறது என்று மட்டும் சொல்லவில்லை. கீழே தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது.

கதவைத் திறந்தேன். உள்ளே எப்போதும் மாவு போல உதிரும் பனி, கண்ணாடி போல வழவழவென்று இறுகியிருந்தது. முன்வரிசை அட்டைப்பெட்டி ஊறிப் போய்த் திரும்ப விறைத்திருந்தது. என் குழாய்கள் இருந்த தட்டின் மேல் ஒரே ஐஸ் பாளம். இவர் குனிந்து பின்பக்கம் டார்ச் அடித்தார். வெள்ளையில் ஃப்ரீசர். சிவப்பு காலி. அதன் மேல் ஒரு சந்தனப் பொட்டு.

வாட்ச்மேன் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். "உள்ள ஏதோ கீங் கீங்னு கூவிகினே இருந்திச்சும்மா. மழைக்கு வந்த பூச்சின்னு நெனச்சிட்டேன்."

அவரைக் கோபித்து என்ன பயன்? அலாரம் என்று ஒன்று இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. இவர் என் தோளைத் தொட்டார்.

"திரும்ப ஐஸ் ஆயிடுச்சு இல்ல? பரவாயில்ல விடு."

"ஐஸ்கிரீம் உருகி ஓடிட்டு மறுபடி உறைஞ்சா அது அதே ஐஸ்கிரீமாங்க?" என்று கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

சாருக்குப் போன் செய்து சொன்னேன். "உள்பக்கம் இருந்தது தப்பிச்சிருக்கும்மா. எதுக்கும் மெஷின்ல ஓட்டிப் பாப்போம்" என்றார். தப்பித்திருக்கலாம்தான். உருகியது முன்வரிசை மட்டுமாக இருக்கலாம். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் இந்த இருக்கலாமோடுதான் குடித்தனம் நடத்தினேன். இதே நினைப்பில் இறங்க மறந்து, ரயிலில் தாம்பரம் தாண்டிக் கிண்டி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்த நாளும் உண்டு.

தையில் எங்கள் முறை வந்தது. முடிவு வந்த அன்று சார் பாதுஷா வாங்கி வந்தார். வடிதாள்கள் பேசியிருந்தன, அதுவும் சத்தம் போட்டு. சூட்டுப் புரதம் குவிந்து கிடந்தது. நாங்கள் என்ன எதிர்பார்த்தோமோ அதற்கு ஒரு படி மேலே. எல்லோரும் கைகொடுத்தார்கள். நான் பாதுஷாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன். பிசுபிசுத்து விரலில் ஒட்டியது.

எனக்குள் ஒரே கேள்வி குடைந்தது. அந்தத் தாள்களில் இருந்த உயிர்கள் இரண்டு முறை சூட்டைப் பார்த்திருக்கின்றன. கோடையில் கடலில் ஒரு முறை. கார்த்திகையில் ஃப்ரீசரில் ஒரு முறை. உறைந்ததில் சாகாமல் பிழைத்தவை உருகியபோது விழித்துக்கொண்டு, இதென்ன சோதனை என்று பதறி இந்தப் புரதத்தைச் செய்திருந்தால்? அல்லது மற்றவை அழுகிப் போய், கெட்டியான இவை மட்டும் மிஞ்சியதால் நிறைய இருப்பது போலத் தெரிந்தால்? முடிவைப் பார்க்கிற வெளியாள் யாருக்கும் இந்தச் சந்தேகம் வராது. அப்படியே எழுதி அனுப்பினால் ஆய்விதழில் போட்டுவிடுவார்கள். சாரிடம் சொன்னேன். "நீ எதுக்கெடுத்தாலும் பயப்படற ஆளும்மா" என்றார். கெட்டவர் இல்லை. அவருக்கும் அது உண்மையாக இருக்க வேண்டியிருந்தது.

மாசியில் கடல் குளிர்ந்திருந்தது. அதே அண்ணன் படகில் போய்த் தண்ணீர் எடுத்து வடிகட்டினேன். பாதித் தாள்களை நல்ல குளிரில் வைத்தேன். மீதியை வேண்டுமென்றே உருகவிட்டுத் திரும்ப உறைய வைத்தேன், அந்தப் புயல் நாளில் நடந்தது போலவே. மெஷின்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு இடைவெளியில் ஓட்டினேன். குளிரில் இருந்தவற்றில் சூட்டுப் புரதம் பேருக்குத்தான் இருந்தது. உருகியவற்றில் குவிந்து கிடந்தது. அந்தக் கடல் சூடாகவே இல்லை.

இரண்டு வரைபடங்களையும் சார் மேஜையில் வைத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தார். மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"அப்போ நமக்கு வந்தது கடல் சொன்னதா, கரண்ட் போனது சொன்னதா?"

"தெரியலை சார். இனிமே தெரியவும் வராது."

ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. சும்மா இருந்திருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது. கடைசியில், "இன்னொரு தடவை கடல் அப்படிச் சூடானாதான் உண்டு. இந்தக் கோடைதான் நமக்கு மிச்சம்" என்றார்.

அதிலிருந்து பிடித்தது எனக்கு வேறொரு வியாதி. காலையில் எழுந்ததும் பல் தேய்க்கும் முன்பே போனில் கடல்வெப்பப் படத்தைப் பார்ப்பேன். பங்குனி போயிற்று. மஞ்சள். சித்திரை பாதி ஓடிற்று. அப்போதும் மஞ்சள். மாலையில் எங்கள் மொட்டைமாடியில் கடற்காற்று வீசும். "இந்த வருஷம் பரவாயில்லப்பா, வெயில் அவ்வளவா இல்ல" என்று மேல்வீட்டு அக்கா சந்தோஷமாகச் சொல்வார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு நாள் கோடைமழை பெய்து தாம்பரமே குளிர்ந்து போனது. தெருப் பிள்ளைகள் ஆட்டம் போட்டார்கள். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மழை விட்டால் கடல் எவ்வளவு சீக்கிரம் சூடாகும் என்று கணக்குப் போட்டேன்.

ஸ்டேஷன் பக்கத்துக் கோயிலில் கண்ணை மூடி நின்றபோதுதான் என் லட்சணம் எனக்கே தெரிந்தது. "இந்த ஒரு கோடை கடல் நல்லா சூடாகணும்ப்பா" என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கடல் சூடாகிறதே என்ற பயத்தில் தொடங்கிய வேலை இது. தலைவலி மருந்து விற்கிறவன் ஊருக்கெல்லாம் தலைவலி கேட்டு நின்ற கதை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டுதலை நான் வாபஸ் வாங்கவில்லை.

வைகாசியில் ஒரு காலை படம் சிவந்திருந்தது. கரையோரம் முழுக்க, போன தடவையைவிடக் கருஞ்சிவப்பாக. வாய்விட்டுக் கத்திவிட்டேன். இவர் ஷேவிங் நுரையோடு ஓடி வந்தார்.

"என்னாச்சு? நல்ல செய்தியா?"

"கடல் சூடாயிடுச்சுங்க!"

அவர் கையில் ரேசரோடு என் முகத்தையே பார்த்தார். அதைக் கவனிக்க எனக்கு நேரமில்லை. சாருக்குச் செய்தி அனுப்பிவிட்டுப் படகு அண்ணனுக்குப் போன் போட்டேன். சூடு எத்தனை நாள் நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? படகு கிடைக்காமல் போனால் எல்லாம் போச்சு. மணி அடிக்க அடிக்க எனக்கு நெஞ்சும் அடித்துக்கொண்டது.

"அண்ணா, படகு வேணும். நாளைக்கே போகணும். கிடைக்குமா?"

"தாராளமா வாங்கக்கா. படகு சும்மாத்தான் கீது. தண்ணி கொதிக்குது. வலைய போட்டா ஒண்ணும் வர்றதில்ல. குப்பத்துல எவனும் கடலுக்கே போவல."

"அப்பாடா, நல்லதாப் போச்சுண்ணா" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் அது என் காதில் விழுந்தது. போனில் காற்றுச் சத்தம் கேட்டது. பின்னால் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"உங்களுக்கு நல்லதாப் போச்சு" என்றார் அவர். குரலில் கோபமில்லை. "விடியறதுக்குள்ள வந்துடுங்கக்கா. வெயில் ஏறிச்சுன்னா நிக்க முடியாது."